காளியாயியின் மத்தியானங்கள்

காளியாயி உப்பிலியபுரத்தை விட்டுக் கிளம்பிய அன்று, வீட்டைப் பூட்டவேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. கதவு திறந்தபடி கிடந்தது. அடுப்பில் முந்தின நாள் சாம்பல். தொட்டில் கட்டியிருந்த பழஞ்சேலையை மட்டும் விட்டத்திலிருந்து அவிழ்த்து, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு துறையூர் பாதையில் நடந்தாள். தெருவில் எதிர்ப்பட்டவர்கள் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்கிற உறவு அறுந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

எல்லாம் ஒரு கிணற்றால் வந்தது. அவள் புருஷன் பெரியண்ணனுக்கும் பங்காளி தர்மராஜுக்கும் பொதுக் கிணறு. ஒரு நாள் இவன் மாடு கட்டிக் கவலை இறைத்தால் மறுநாள் அவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷத்துக் கோடையில் பச்சைமலைப் பக்கம் ஒரு பொட்டு மழை இல்லை. கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்தது. பெரியண்ணனின் மிளகாய்ச் செடிகள் தலையைத் தொங்கப் போட்டுவிட்டன. அன்று அவன் முறை. விடியற்காலையில் மாட்டை ஓட்டிக்கொண்டு போனால், தர்மராஜ் அதற்கு முன்பே வந்து இறைத்து, இருந்த தண்ணீரில் முக்கால்வாசியைக் காலி பண்ணியிருந்தான். வாய்ப்பேச்சு முற்றியது. பெரியண்ணன் சண்டைக்காரன் இல்லை. சந்தையில் யாராவது குரலை உயர்த்தினால் ஒதுங்கிப் போகிற ஆள். அன்றைக்குக் கையில் மண்வெட்டி இருந்தது. ஒரே ஒரு வீச்சு. தர்மராஜ் வாய்க்கால் ஓரமாக விழுந்தான். திறந்துவிட்ட தண்ணீர் அவன் காலை நனைத்துக்கொண்டு ஓடியது. பெரியண்ணன் ஓடவில்லை. போலீஸ் வரும்வரை அந்த வரப்பிலேயே குந்தியிருந்தான்.

ஆயுள் தண்டனை என்று தீர்ப்பானது. ஊரில் பாதிப் பேர் தர்மராஜுக்குச் சொந்தக்காரர்கள், மீதிப் பேர் அவனுக்குச் சொந்தத்தின் சொந்தம். தர்மராஜின் பெண்டாட்டி பவுனம்மாள் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு தினமும் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். காளியாயிக்கு அவள்மேல் கோபம் வந்ததில்லை. அவள் இடத்தில் தான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம் என்று நினைத்துக்கொள்வாள். அடுத்த சித்திரையில் அம்மை போட்டது. காளியாயியின் மகள் செல்லாயி, இன்னும் பேச்சுத் திருந்தாத குழந்தை, வேப்பிலைப் படுக்கையில் கிடந்து போய்விட்டது. குழி தோண்டத் தூரத்து உறவில் ஒரு கிழவரும் வெட்டியானும்தான் வந்தார்கள். அதன் பிறகுதான் அவள் கதவைத் திறந்து போட்டுவிட்டு நடந்தது.

புருஷனிடம் இதைச் சொல்லவேண்டும். அது ஒன்றுதான் அவள் மனதில் இருந்தது.

ஜெயில் திருச்சியில், மன்னார்புரத்தைத் தாண்டிப் பொட்டல்வெளியில் இருந்தது. கைதியைப் பார்க்கப் போவதை 'மனு பார்க்கிறது' என்று சொல்வார்கள். காளியாயி அதற்கு முன் ஒரு தடவை வந்திருந்தாள். நடுவில் ஒரு சந்து. சந்துக்கு இரண்டு பக்கமும் கம்பி வலை. அந்தப் பக்கம் கைதிகள், இந்தப் பக்கம் சனங்கள், சந்துக்குள் வார்டர். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். ஒருத்தி கோர்ட்டு அப்பீலைப் பற்றிக் கத்துவாள், இன்னொருத்தன் மாடு விற்றதைக் கத்துவான். பெரியண்ணன் மொட்டைத் தலையும் அரைக்கால் சட்டையுமாக வலையில் விரலைக் கோத்துக்கொண்டு நின்றான்.

"புள்ள போயிருச்சுங்க" என்றாள் காளியாயி.

"என்ன?" என்று அவன் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு கேட்டான்.

"புள்ள போயிருச்சு."

"கேக்கலை. சத்தமாச் சொல்லு."

அவள் மூச்சை இழுத்து, வரப்பில் நின்று அடுத்த காட்டு ஆளைக் கூப்பிடுகிற மாதிரி கத்தினாள். "நம்ம செல்லாயி செத்துப்போச்சுங்க! அம்மையில செத்துப்போச்சு!"

பக்கத்தில் நின்றவர்கள் ஒரு கணம் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு அவரவர் நேரம் போகிறதே என்று மறுபடி கத்த ஆரம்பித்தார்கள். பெரியண்ணன் வலையிலிருந்து விரலை ஒவ்வொன்றாக எடுத்தான். திரும்பி, வார்டரைக்கூடக் கேட்காமல் உள்ளே நடந்தான். அன்றைக்கு அவன் முதுகைத்தான் அவள் கடைசியாகப் பார்த்தாள்.

வெளியே வந்தவள் ஜெயில் மதிலுக்கு எதிரே ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தாள். பஸ் போனது, அவள் எழுந்திருக்கவில்லை. மறுநாளும் அங்கேதான் இருந்தாள். அதற்கு மறுநாளும்.

வார்டர்கள் குடியிருக்கிற வரிசை வீடுகள் பக்கத்தில்தான். அதில் ஒன்றில் சேக் மைதீன் என்ற வார்டரும் அவர் சம்சாரம் நசீராவும் இருந்தார்கள். நசீரா பாலக்கரைப் பெண். காளியாயியைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருக்கலாம். பிள்ளை இல்லை. தண்ணீர் எடுக்கப் போகும்போதும் வரும்போதும் புளியமரத்தடியில் இந்த உருவத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், மூன்றாம் நாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"எந்த ஊருங்க?"

காளியாயி மதிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மனு பாக்க வந்தீங்களா?"

அவள் மதிலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நசீரா குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "மூஞ்சி கழுவுனீங்களா?" என்று கேட்டாள்.

இப்படி ஒரு கேள்வியைக் காளியாயி எதிர்பார்க்கவில்லை. தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"வாங்க. கையை நீட்டுங்க." நசீரா குடத்தைச் சாய்த்து ஊற்றினாள். "அழுறதுன்னா அழுங்க, நான் வேணாங்கலை. மூஞ்சியைக் கழுவிட்டு அழுங்க. எங்களுக்குன்னா தொழுகைக்கு ஒளு செய்யணும், அஞ்சு வேளையும் தண்ணி மேல பட்டே ஆகணும். உங்களுக்கு அப்படி யாரும் சொல்லலை போல. ஒரு வேளையாச்சும் கழுவுங்க."

கைதியின் பெண்டாட்டியை வீட்டில் வைத்துக்கொண்டால் தன் வேலை போய்விடும் என்று சேக் மைதீன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அது நியாயம்தான். அதனால் நசீரா, மன்னார்புரத்துக் குட்டைக்கரையில் ரோட்டுக்குச் சல்லிக்கல் உடைக்கிறவர்கள் போட்டிருந்த குடிசைகளில் காலியாக இருந்த ஒன்றைக் கேட்டுப் பிடித்துக் கொடுத்தாள். சல்லி உடைக்கிற வேலையும் அங்கேயே கிடைத்தது. காளியாயி ஊருக்குத் திரும்பவில்லை. திரும்பினால் அதே கிணறு, அதே தெரு, பவுனம்மாளின் அதே வாசல்.

காலை நேரம் எப்படியோ ஓடிவிடும். சுத்தியல் பிடித்த கைக்கு அடி படாமல் பார்த்துக்கொள்ளவே கவனம் போதாது. மத்தியானம்தான் அவளுக்கு எமனாக வந்தது. வெயில் உச்சிக்கு ஏறியதும் மேஸ்திரி வேலையை நிறுத்துவான். மற்றவர்கள் கஞ்சியைக் குடித்துவிட்டு மரநிழலில் வெற்றிலையும் சிரிப்புமாகக் கிடப்பார்கள். காளியாயி குடிசைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். கை சும்மா இருந்ததும் தலை தன் வேலையை ஆரம்பிக்கும். வாய்க்கால் தண்ணீர் தர்மராஜின் காலை நனைக்கும். செல்லாயியின் உடம்பில் கொப்புளம் கொப்புளமாக எழும். பிறகு அந்தக் கத்தல். பிள்ளை செத்த செய்தியைத் தன் வாயால் சந்தைக் கூச்சலில் கத்தினோமே என்பது மற்ற எல்லாவற்றையும்விட அவளை அரித்தது.

ஒரு மத்தியானம் அவள் எழுந்து நடந்தாள். எங்கே போகிறோம் என்று யோசிக்கவில்லை. கால் கொண்டுபோய் ரயில் ரோட்டில் நிறுத்தியது. தண்டவாளம் சுட்டது. தூரத்தில் புகை தெரிந்தது. லைனைப் பார்த்துக்கொண்டு வந்த காங்மேன் ஒருவன் ஓடிவந்து, வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லி, கையைப் பிடித்து இழுத்துச் சரிவில் தள்ளினான். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. வண்டி போகிற சத்தம் அடங்கும்வரை அவள் சரிவிலேயே கிடந்தாள்.

இதை நசீராவிடம் மட்டும் சொன்னாள். நசீரா அணைத்துக்கொள்ளவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. முகம் வெளுத்துப்போய், "செத்த நேரம் என் முன்னால நிக்காதீங்க, எனக்குக் கோவம் வருது" என்று உள்ளே போய்விட்டாள். மறுநாள் மத்தியானம், வேலை நிற்கிற சமயம் பார்த்து, ஒரு முறம் நிறைய அரிசியோடு குடிசைக்கு வந்தாள்.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியலைங்க. இதுல கல்லு பொறுக்கிக் குடுங்க."

அடுத்த நாள் துவரம்பருப்பு. அதற்கு அடுத்த நாள் மிளகு. பக்கத்து வார்டர் வீட்டு உளுந்து. நசீராவின் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை என்பது காளியாயிக்குச் சில நாளிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் முறத்தை வாங்கிக்கொண்டாள். குனிந்து கல் பொறுக்குகிறபோது நினைப்பு வராமல் இல்லை. வந்தது. ஆனால் விரல் நகர்ந்துகொண்டிருந்தால் அது நெஞ்சின்மேல் ஏறி உட்காரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அந்த வித்தியாசம் போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

மெல்ல அவள் தானாகவே சில வழக்கங்களைச் சேர்த்துக்கொண்டாள். தொண்டையில் இறங்கினாலும் இறங்காவிட்டாலும் காலையில் ஒரு வாய் கஞ்சி. தலையை எண்ணெய் இல்லாவிட்டாலும் சிக்கெடுத்து முடிந்துகொள்வது. ஒரு நாளைக்கு ஒரு ஆளிடமாவது வாயைத் திறந்து பேசுவது, உப்பு இருக்கிறதா என்று கேட்பதாக இருந்தாலும் சரி. குட்டையின் ஓரத்தில் ஒரு துண்டுப் புறம்போக்கைக் கொத்தி, சிறுகீரையும் தண்டங்கீரையும் விதைத்தாள். குடியானவள் கை. பாத்தி கட்டுவதில் ஒரு கோணல் இருக்காது. கீரை வளர்ந்ததும் சல்லி வேலையை விட்டாள். காலையில் வார்டர் வீடுகளுக்கும் கடைத்தெருவுக்கும் கூடை சுமந்து போனாள்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமுடியாது. பெரியண்ணன் மனுவுக்கு வர மறுத்துக்கொண்டே இருந்தான். அவள் எழுதிக் கொடுத்துவிட்டு வலைக்கு இந்தப் பக்கம் நிற்பாள். பெயரைக் கூப்பிடுவார்கள். அவன் வரமாட்டான். சேக் மைதீன் வழியில் அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். உள்ளே நடப்பதை வெளியே சொல்லக்கூடாது. ஒரே ஒரு தடவை, கீரை வாங்குகிற சாக்கில் நின்று, "உசுரோட இருக்கான். பேச்சுத்தான் நின்னுபோச்சு. செக்கு இழுக்கச் சொன்னா இழுக்கறான், நிறுத்தச் சொல்லாட்டி நிறுத்தமாட்டேங்கறான்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் அவள் மறுபடி விழுந்தாள். படுத்தவள் எழுந்திருக்கவில்லை. முகம் கழுவவில்லை, சிக்கெடுக்கவில்லை, முறத்தைத் தொடவில்லை. நசீரா கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள், அது புளித்துப்போகும். மழை விட்டு வெயில் வந்த ஒரு நாள் வெளிக்குப் போக எழுந்தவள் பாத்தியைப் பார்த்தாள். அறுக்க ஆள் இல்லாத தண்டங்கீரை இடுப்புயரம் வளர்ந்து, பூத்து, கதிர் முற்றி நின்றது. காற்றில் விதை கறுப்புக் கறுப்பாகச் சேற்றில் உதிர்ந்துகொண்டிருந்தது. விதை வீணாகிறதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை. முந்தானையை விரித்துப் பிடித்துக் கதிரைக் கசக்கினாள். கசக்கி முடித்தபோது பசித்தது. தைரியம் வந்து எழுந்தாள் என்று இல்லை. விதைக்காகத்தான் எழுந்தாள்.

பெரியண்ணன் ஒரு நாள் மனுவுக்கு வந்தான். ஏன் வந்தான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. அடையாளம் தெரியாமல் மெலிந்திருந்தான். கண் அவள்மேல் நிற்கவில்லை. காளியாயிக்கு என்ன பேசுவது என்று புரியவில்லை. ஊரைப் பற்றிப் பேச முடியாது, பிள்ளையைப் பற்றிப் பேச முடியாது, வரப்போகிற காலத்தைப் பற்றிப் பேச அதில் ஒன்றும் இல்லை. சுற்றிலும் கூச்சல். அவள் வாயில் வந்ததைச் சொன்னாள்.

"காலையில எந்திரிச்சேன். மூஞ்சி கழுவுனேன். சிறுகீரைக்குத் தண்ணி ஊத்துனேன். மேலண்டைப் பாத்தியில எறும்பு புத்து வெச்சிருக்கு, சாம்பல் போட்டேன். நேத்துப் பொழுதுசாய அரசமரத்துலேருந்து வௌவாலு கெளம்பிப் பறந்துச்சு. எல்லாம் ஒரே கூட்டமா."

அவன் பேசவில்லை. ஆனால் உள்ளே போகவும் இல்லை.

"நீங்க காலையில என்ன பண்ணுனீங்க?"

அவன் உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை.

"சரி. அடுத்த தடவை சொல்லுங்க. ஏதாச்சும் ஒண்ணைப் பாத்து வெச்சுக்கங்க, எனக்குச் சொல்றதுக்கு."

அடுத்த தடவை அவன் வலையைப் பிடித்துக்கொண்டு, துருப்பிடித்த பூட்டைத் திறக்கிற மாதிரி ஒரு குரலில், "தட்டு வெளக்குனேன்" என்றான்.

"எதுல வெளக்குனீங்க?"

"செங்கப்பொடியில. மூஞ்சி தெரியுது."

காளியாயி அன்றைக்கு ஜெயில் வாசலிலிருந்து குட்டைக்கரை வரை அழுதுகொண்டே நடந்தாள். எதிரே வந்தவர்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து ஒதுங்கி வழி விட்டார்கள்.

அதன் பிறகு அவர்கள் பேச்சு எல்லாமே அப்படித்தான். அவன் கம்பளியை ஓரம் பிசகாமல் மடித்ததைச் சொல்வான். மதிலுக்குமேல் தெரிகிற வேப்பங்கிளையில் அணில் கூடு கட்டியதைச் சொல்வான். எண்ணெய்ச் செக்கிலிருந்து அவனைத் தறிக்கொட்டகைக்கு மாற்றினார்கள். எந்த நூல் அறுந்தது, எப்படி முடி போட்டான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். பக்கத்தில் நிற்கிற சனங்கள் இந்தப் புருஷன் பெண்டாட்டியை விநோதமாகப் பார்ப்பார்கள். அப்பீலும் இல்லை, அழுகையும் இல்லை, அணிலும் கீரையும்தான்.

இப்படியே வருஷங்கள் போயின. யுத்தம் வந்தது. குட்டைக்கரை நிலத்தைப் பட்டாளக் கூடாரங்களுக்காக வளைத்துக்கொண்டார்கள், குடிசைகள் போயின. காளியாயி மதுரை ரோட்டுப் பக்கம் எடமலைப்பட்டி புதூருக்குப் போய், கோரையாற்றங்கரையில் கொஞ்சம் தரையைக் குத்தகைக்குப் பிடித்து மறுபடி முதலிலிருந்து பாத்தி கட்டினாள். அரிசிக்குக் கியூவில் நிற்கிற காலம். கீரையும் கிழங்குமாகச் சனங்கள் வயிற்றை நிரப்பினார்கள். அந்தப் பஞ்சத்தின் நடுவில் வாந்திபேதி வந்தது. டூட்டிக்குப் போன சேக் மைதீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். மறுநாள் மத்தியானத்துக்குள் மௌத்தாகிவிட்டார்.

புருஷன் போனதற்கு இருக்கவேண்டிய நாலு மாசம் பத்து நாள் இத்தா முடிந்ததும் நசீரா வார்டர் வீட்டைக் காலி பண்ணவேண்டியிருந்தது. அண்ணன் அப்துல் சலாம் அவளைப் பாலக்கரைக்கு அழைத்துப் போனார். காளியாயி கீரைக்கட்டோடு அங்கே போனபோது நசீரா ஒரு மூலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காளியாயி முறத்தில் அரிசியைக் கொட்டி அவள் மடியருகே வைத்தாள். நசீரா அதைக் காலால் தள்ளினாள். அரிசி தரையில் சிதறியது.

"இதெல்லாம் எங்கிட்ட வேணாம். உங்களுக்குப் பண்ணுனப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசுனேன்" என்றாள் நசீரா.

காளியாயி சிதறிய அரிசியைப் பொறுக்கி எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். வாரம் தவறாமல் போனாள். நசீரா சில நாள் பேசுவாள், பல நாள் பேசமாட்டாள். தொழுகையை அவள் விடவில்லை, ஆனால் பழைய நசீரா திரும்பி வரவில்லை. தன்னைத் தூக்கி நிறுத்தியவளைத் தன்னால் தூக்கி நிறுத்த முடியவில்லையே என்பது காளியாயிக்குக் கடைசிவரை ஆறாத குறை. ஆனாலும் போவதை நிறுத்தவில்லை.

யுத்தம் முடிந்த வருஷம், தண்டனையில் கழிவெல்லாம் போகப் பெரியண்ணனை விட்டுவிட்டார்கள். போகும்போது இருந்த ஆள் இல்லை வந்தவன். இருமினால் நெஞ்சுக்கூடு தனியாகத் தெரிந்தது. க்ஷயம் என்று ஜெயில் ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருந்தார்கள். எடமலைப்பட்டி புதூர்க் குடிசையின் படல் சும்மாதான் சாத்தியிருக்கும், தள்ளினால் திறக்கும். அவன் தள்ளமாட்டான். யாராவது திறந்துவிடும்வரை உள்ளே நின்றுகொண்டிருப்பான். விடியற்காலையில் மணி அடிக்காமலே எழுந்து, படலுக்கு உள்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எண்ணிக்கை எடுக்க வருகிறவனுக்காகக் காத்திருப்பான். முதல் நாள் காளியாயி, "ஏங்க, இங்க யாரும் வரமாட்டாங்க" என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு சொல்வதை விட்டுவிட்டுத் தானும் பக்கத்தில் அதே மாதிரி உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "எண்ணியாச்சு, எந்திரிங்க, தண்ணி ஊத்தலாம்" என்பாள். அவன் எழுந்து சொம்பை எடுப்பான்.

ஒரு நாள் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தவன் தலை நிமிராமல், "ஊருக்குப் போகணும்" என்றான்.

"எதுக்குங்க?"

"பவுனம்மாளைப் பாக்கணும்."

காளியாயி தடுக்கவில்லை. கரியில் ஓடுகிற பஸ்ஸில், ஒவ்வொரு மேட்டிலும் இறங்கி இறங்கி ஏறி, துறையூர் போய் அங்கிருந்து நடந்தார்கள். அவர்கள் வீடு இருந்த இடத்தில் மண்சுவர் கரைந்து எருக்கு முளைத்திருந்தது. பவுனம்மாள் தன் வாசலில் நிலக்கடலை காயப் போட்டுக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. வந்தது யார் என்று அவளுக்கு உடனே தெரிந்தது. கடலையைத் துழாவின கை நின்றது.

பெரியண்ணன் தெருமண்ணில் முட்டிபோட்டு இரண்டு கையையும் கூப்பினான். இருமல் வந்து அவனை மடக்கியது. இருமி முடிக்கும்வரை பவுனம்மாள் காத்திருந்தாள்.

"கும்புட்டா அவரு எந்திரிச்சு வருவாரா?" என்று கேட்டாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எம்மூத்தவன் பதினோரு வயசுல கவலை ஓட்டுனான். கயிறு இழுத்து இழுத்துக் கையெல்லாம் புண்ணு. ராத்திரி வெளக்கெண்ணெ போட்டுவிடுவேன், போடறப்ப உன்னைத்தான் நெனைச்சுக்குவேன். இன்னமும் நெனைச்சுக்கறேன். மன்னிச்சேன்னு என் வாயால வராது. வராததை வரும்னு உக்காந்திருக்காதே. எந்திரி, போ." பிறகு காளியாயியைப் பார்த்தாள். "இந்தாளைக் கூட்டிக்கிட்டுப் போ. கடலையில எச்சில் தெறிக்குது."

திரும்பும் வழியில் பெரியண்ணன் அழவில்லை. துறையூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தபோது, "அவ சொன்னது சரிதான்" என்று மட்டும் சொன்னான். காளியாயி தூக்குச்சட்டியைத் திறந்து கூழைக் கரைத்து அவன் கையில் கொடுத்தாள். குடித்தான்.

அதன் பிறகு அவன் அதிக நாள் இருக்கவில்லை. படுக்கையில் விழுந்த பிறகும் பொழுதுசாய அவள் அன்றைக்குச் செய்ததையெல்லாம் சொல்வாள். அவன் தன் பங்குக்குப் படலின் ஓட்டை வழியாகப் பார்த்ததைச் சொல்வான். பேச மூச்சில்லாமல் போனதும் விரலால் காட்டுவான். ஒரு சாயங்காலம் விரலும் எழவில்லை. அக்கம்பக்கத்தார் நாலு பேர் வந்தார்கள். அடுத்த குடிசைப் பிச்சமுத்து கொள்ளி வைத்தான். உப்பிலியபுரத்திலிருந்து யாரும் வரவில்லை.

காரியம் முடிந்த மறு மாசம் ஆடிப்பெருக்கு. இத்தனை வருஷம் திருச்சியில் இருந்தும் காளியாயி காவிரியில் இறங்கிக் குளித்ததில்லை. பிச்சமுத்துவின் பெண்டாட்டி வீரம்மாள்தான், "ஒத்தையில என்ன பண்ணப்போறீங்க, வாங்கக்கா" என்று கட்டாயப்படுத்தி ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துப் போனாள். அம்மா மண்டபப் படித்துறையில் நிற்க இடமில்லை. புதுப் பெண்கள் தாலிச்சரடு மாற்றிக்கொண்டிருந்தார்கள். காதோலையும் கருகமணியும் தண்ணீரில் மிதந்து போயின. நுரை தள்ளிக்கொண்டு ஆறு இரு கரையும் முட்டி ஓடியது. சுமங்கலிகளின் கூட்டத்தில் வெறுங்கழுத்தோடு நிற்கிறோமே என்று காளியாயிக்குக் கூச்சமாக இருந்தது. ஒதுங்கிக் கடைசிப் படிக்கு இறங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினாள். புருஷனுக்கு ஒரு தடவை. மகளுக்கு ஒரு தடவை. கொஞ்சம் யோசித்துவிட்டு, தர்மராஜுக்கு ஒரு தடவை.

மேலே ஏறியபோது குளிர் எலும்பில் இறங்கியது. நெஞ்சுக்குள் பெரிய வெற்றிடமாக இருந்தது. அழுகை வருமா என்று நின்று பார்த்தாள், வரவில்லை. கூட்டம் இடித்துக்கொண்டு போனது. யாரோ ஒருத்தி, "நகருங்கம்மா, வழியில நிக்கிறீங்க" என்றாள்.

மாற்றுச் சேலை கட்டியதும் வீரம்மாள் காளியாயியின் நனைந்த சேலையைச் சுருட்டி, ஒரு முனையை அவளிடம் நீட்டினாள்.

"அக்கா, இந்தப் பக்கம் பிடிங்க, பிழிஞ்சிரலாம். சொட்டச் சொட்ட எப்படிப் போறது, மதுரை ரோடு வரைக்கும் நடக்கணுமே."

காளியாயி முனையை வாங்கி இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். வீரம்மாள் வலமாக முறுக்க, இவள் இடமாக முறுக்கினாள். தண்ணீர் கல்படியில் கொட்டியது.

"இன்னும் கொஞ்சம் இறுக்குங்க" என்றாள் காளியாயி.